ஒரே பெட்டியில் இரண்டு பாம்பு - ஒரு கணக்கின் வரலாறு

1894-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். லண்டன் உயிரியல் பூங்காவில் இரண்டு போவா பாம்புகள் ஒரே கூண்டில் இருந்தன. ஒன்று 11 அடி நீளம், மற்றொன்று 9 அடி. இரண்டும் அதுவரை சண்டை போட்டதில்லை. ஒரு நாள் மாலை வழக்கம்போல இரையாகப் புறாக்களை வைத்துவிட்டு, கட்டிடத்தைப் பூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கூண்டுக்குள் ஒரு பாம்புதான் இருந்தது!

9 அடிப் பாம்பு தப்பிக்கவில்லை. 11 அடிப் பாம்பின் வயிற்றுக்குள் இருந்தது. விழுங்கிய பாம்பு சுருண்டு படுக்கக்கூட முடியாமல், தோல் விரிந்து, கட்டை மாதிரிக் கிடந்தது. செத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சாகவில்லை. ஒரு மாதத்துக்குள் முழுவதையும் செரித்துவிட்டு, அடுத்த புறாவையும் சாப்பிட்டது. அப்போது பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஆபிரகாம் டீ பார்ட்லெட் இதைக் குறிப்பாக எழுதி, லண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

இது கோபமோ பழிவாங்கலோ இல்லை, ஒரு புறாவினால் வந்த வினை. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. ஒரு பொருளைக் கவ்விவிட்டால் தாடையை ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி உள்ளே இழுத்துக்கொண்டே போகும். பிடித்ததை விடுவது அதற்குச் சுலபம் இல்லை. ஒரே புறாவை இரண்டு பாம்புகள் இரண்டு முனையிலும் கவ்வினால், நடுவில் இரண்டு வாயும் சந்திக்கும். எது பெரிய வாயோ அது மற்றதன் தலையையும் சேர்த்து இழுக்கத் தொடங்கிவிடும். பாம்புக்கு அது புறாவின் தொடர்ச்சி, அவ்வளவுதான். பார்ட்லெட்டும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று கருதினார்.

சரி, அந்த இரண்டையும் ஏன் ஒரே கூண்டில் வைத்தார்கள்? வளர்ப்புப் பாம்புகளைச் சேர்த்து வைக்கலாமா, தனித்தனியாக வைக்க வேண்டுமா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. இதற்கு மனிதர்கள் காலந்தோறும் சொன்ன பதிலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சேர்த்து வைத்ததற்கும் காரணம் பணக் கணக்கு. பின்னால் பிரித்து வைத்ததற்கும் காரணம் பணக் கணக்கு!

கண்ணாடிப் பெட்டிகளின் காலம்

ஊர்வனவற்றுக்கென்றே உலகில் முதன்முதலாக ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது 1849-ல், இதே லண்டன் பூங்காவில்தான். பழைய கட்டிடம் ஒன்றை மாற்றியமைத்துக் கண்ணாடி பதித்த பெட்டிகளை வைத்தார்கள். வெப்ப நாட்டுப் பாம்புகளை லண்டன் குளிரில் காப்பாற்றுவது பெரிய செலவு. பெட்டியும் செலவு, சூடாக்குவதும் செலவு. டிக்கெட் வாங்கி வருபவர் கண்ணாடிக்குப் பின்னால் நிறையப் பாம்புகளைப் பார்க்க ஆசைப்படுவார். ஆகவே ஒரு பெட்டியில் இரண்டு மூன்று வைப்பது அந்தக் காலத்துக்கு இயல்பான முடிவு. 1894-ல் போனது அந்த முடிவின் விலை.

அடுத்த மாற்றமும் லண்டனில்தான் வந்தது. அங்கே ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த ஜோன் பியூசாம்ப் பிராக்டர் என்ற பெண்மணி 1920-களில் புதிய காட்சியகத்தைத் திட்டமிட்டார். அது 1927-ல் திறக்கப்பட்டது. மின்சாரத்தால் கூண்டுக்குக் கூண்டு வேண்டிய அளவு வெப்பம் கொடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. இதன் முக்கியத்துவம் என்ன? பாம்பு தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெப்பமான இடத்துக்குப் போய்ச் சூடேற்றிக்கொள்ளும், பிறகு குளிர்ந்த இடத்துக்கு நகரும். இரை செரிப்பதும், சட்டை உரிப்பதும், நோயை எதிர்ப்பதும் இந்த நகர்தலை நம்பித்தான் நடக்கின்றன.

இங்கேதான் சேர்த்து வைப்பதில் உள்ள இரண்டாவது ஆபத்து வருகிறது. சின்னப் பெட்டியில் வெப்பமான மூலை ஒன்றுதான் இருக்கும். ஒளிந்துகொள்ள இடமும் ஒன்றுதான் இருக்கும். இரண்டு பாம்புகள் அதில் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடந்தால், பார்ப்பவர்கள் "ஆஹா, என்ன ஒற்றுமை!" என்பார்கள். பல நேரங்களில் அது ஒற்றுமை இல்லை, ஒரே இடத்துக்கான போட்டி. பாம்பு கத்தாது, முறைக்காது. தோற்ற பாம்பு பேசாமல் குளிர்ந்த மூலைக்குப் போய்விடும், இரை எடுப்பதை நிறுத்திவிடும், மெலியும். வளர்ப்பவர் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

பாம்பைத் தின்னும் பாம்பு

எல்லாப் பாம்பும் ஒன்று என்று நினைப்பதும் ஆபத்துதான். 11 அடி போவா தவறிப் போய்த் தன் இனத்தை விழுங்கியது. ஆனால் பாம்பையே முக்கிய உணவாகக் கொண்ட பாம்புகளும் உண்டு. நம் நாட்டு ராஜநாகம் அப்படிப்பட்டது. அமெரிக்காவில் பலர் வளர்க்கும் கிங் ஸ்நேக் வகைகளும் மற்ற பாம்புகளைத் தின்பவை. தென் அமெரிக்காவில் முசுரானா என்ற பாம்பு விஷப்பாம்புகளையே பிடித்துத் தின்னும். பிரேசிலின் சாவோ பாலோ நகரில் விஷமுறிவு மருந்து தயாரிக்க 1901-ல் தொடங்கப்பட்ட புட்டான்டான் நிறுவனத்துக்கு, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1913-ல் போயிருந்தார். அங்கே ஒரு முசுரானா விஷப்பாம்பைக் கொன்று தின்பதை நேரில் பார்த்துத் தன் பயண நூலில் எழுதினார். இப்படிப்பட்ட இனங்களை இன்னொரு பாம்போடு ஒரே பெட்டியில் வைப்பது, அந்த இன்னொன்றை இரையாக வைப்பதற்குச் சமம்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

மூன்றாவது பாடம் 1972-ல் வந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு பாம்புப் பண்ணையில் ஃபெர்-டி-லான்ஸ் என்ற விஷப்பாம்புகள் திடீரென்று மூச்சுத் திணறிச் செத்து விழத் தொடங்கின. இறந்த பாம்புகளிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பாம்பின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். அதன் பிறகு வேறு பல இடங்களிலும், வேறு இனப் பாம்புகளிலும் இந்த வகை வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

இதைவிடப் பொல்லாதது போவா, மலைப்பாம்பு வகைகளைத் தாக்கும் இன்னொரு நோய். 1970-களிலிருந்தே தெரிந்த நோய் இது. தலை தன்னால் மேலே திரும்பும், உடம்பு முறுக்கிக்கொள்ளும், இரை வாந்தியாக வெளியே வரும். காரணம் என்னவென்று பல வருடங்கள் தெரியவில்லை. போவா வளர்க்கும் ஒருவர் அனுப்பிய கடிதம் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகளை இதில் இறங்க வைத்தது. 2012-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அரீனா வைரஸ் வகையைச் சேர்ந்த புதிய வைரஸ்கள் அடையாளம் காணப்பட்டன. இதில் கொடுமை என்னவென்றால், போவா இந்த நோயை வெளியே காட்டாமல் நெடுநாள் சுமந்துகொண்டிருக்கும். மலைப்பாம்புக்கு வந்தாலோ நோய் வேகமாக முற்றிவிடும். பளபளப்பாக, ஆரோக்கியமாகத் தெரியும் ஒரு போவாவை மலைப்பாம்பு இருக்கும் பெட்டியில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இழுப்பறைகளின் காலம்

இந்தப் பாடங்களுக்குப் பிறகுதான் எல்லோரும் திருந்திப் பாம்புகளைப் பிரித்தார்கள் என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி சந்தை.

1990-களில் மேற்கு நாடுகளில் பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பின் வியாபாரம் பெருகியது. 1992-ல் அந்த இனத்தில் வெள்ளை நிறப் பாம்பு முதன்முதலாக வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. பிறகு புதுப்புது நிறங்கள் வந்தன. ஒவ்வொரு குட்டியும் ஒரு முதலீடு ஆனது. விலை உயர்ந்த சரக்கை யாராவது ஒன்றாகக் கொட்டி வைப்பார்களா? அலமாரி மாதிரி அடுக்கு, அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் இழுப்பறைகள், பின்னால் சூடேற்றும் பட்டை, ஒரு இழுப்பறைக்கு ஒரு பாம்பு. எது சாப்பிட்டது, எது எப்போது சட்டை உரித்தது என்று எழுதி வைக்கவும் வசதி. நோய் வந்தாலும் மற்றதற்குப் பரவும் வாய்ப்பு குறைவு. பாம்பு உயிரோடு இருந்தது, இரை எடுத்தது, முட்டையிட்டது. ஆனால் நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் இல்லாத இழுப்பறைகளும் அதில் உண்டு. "பாம்பு தனிமை விரும்பி, அதற்கு இது போதும்" என்பது பதிலாகச் சொல்லப்பட்டது.

(இந்தியாவில் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

பாம்பிடமே கேட்டபோது

பாம்பு தனிமை விரும்பிதானா? இதைச் சோதித்துப் பார்க்க வெகுகாலம் யாரும் அதிகம் மெனக்கெடவில்லை. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடத்தில் கார்ட்டர் பாம்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே குழிகளில் குளிர்காலத்தைக் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது குளிருக்காக மட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

2020-ல் கனடாவின் வில்ஃப்ரிட் லோரியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோர்கன் ஸ்கின்னர், நோவாம் மில்லர் இருவரும் 40 கார்ட்டர் பாம்புக் குட்டிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒளிவிடங்கள் உள்ள கூண்டுகளில் வைத்துக் கேமராவில் கவனித்தார்கள். தினமும் பாம்புகளை எடுத்து இடம் மாற்றி விட்டார்கள். அவை கூட்டமாகவே சேர்ந்தன. அதுமட்டுமல்ல, குறிப்பிட்ட சில பாம்புகளோடு திரும்பத் திரும்பப் போய்ச் சேர்ந்தன!

2024-ல் இதே ஆய்வுக் குழு, இழுப்பறையில் தனியாக வைக்கப்படும் அதே பால் பைத்தானை எடுத்துக்கொண்டது. ஆளுக்கொரு ஒளிவிடம் கிடைக்கும் அளவுக்கு இடம் விட்டும், குட்டிகள் பெரும்பாலான நேரம் ஒரே ஒளிவிடத்தில் சேர்ந்தே கிடந்தன. அந்த ஒளிவிடத்தை அகற்றியபோது வேறொன்றில் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன.

அப்படியானால் இனிமேல் பால் பைத்தான்களை ஒன்றாக வைத்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. அந்த ஆய்வில் பெரிய கூண்டு இருந்தது, போதுமான ஒளிவிடங்கள் இருந்தன, வயதில் ஒத்த குட்டிகள் இருந்தன, சில நாட்கள்தான் நடந்தது. வீட்டுப் பெட்டியில் இவை எதுவும் இல்லாமல் இரண்டைப் போட்டால் அது 2024 ஆய்வு ஆகாது, 1894 லண்டன்தான் ஆகும். இடமும் வெப்பமும் ஒளிவிடமும் தாராளமாகத் தர முடியாதவர், நோய் உண்டா என்று சோதிக்க முடியாதவர், இரை கொடுக்கும்போது பிரித்து வைக்க முடியாதவர் தனியாக வைப்பதே அந்தப் பாம்புக்குச் செய்யும் நல்லது. முசுரானா, ராஜநாகம் போன்றவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் "பாம்பு தனிமை விரும்பி" என்று சொல்லி இழுப்பறையை நியாயப்படுத்துவது இனி முன்போல எளிதில்லை. 1849-லிருந்து பெட்டி என்ன விலை, பாம்பு என்ன விலை என்று பார்த்துத்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அந்தப் பாம்பிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்ற மனிதனுக்கு 170 வருடங்கள் ஆகியிருக்கிறது.