தீவுகளின் மின்சாரமும் திருத்தப்பட்ட சட்டமும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையோடு தெரு முடிந்துவிடுகிறது. அப்பால் உள்ள நெடுந்தீவும் நயினாதீவும், அயலிலுள்ள அனலைதீவும் தேசிய மின்தொகுதியோடு இணைக்கப்படாமல், டீசல் இயந்திரங்களையே நம்பி வாழ்ந்து வந்தன. விளக்கு எரிய வேண்டுமானால் எண்ணெய் முதலிற் கடல் கடக்க வேண்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லாத ஊர்களில் இந்த நிலை!

இதனை மாற்ற எழுந்த முயற்சியின் கதை, மின்சாரச் சட்டத்தின் கதையோடு பின்னிக் கிடக்கின்றது. 1969இல் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையை, 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவந்தது. தனியார் பேருற்பத்திக்கு 25 மெகாவாற்று என்னும் வரம்பும், புதிய நிலையங்களுக்குப் பகிரங்கக் கேள்விப்பத்திரம் என்னும் விதியும் நிலவின. பொதுமக்கள் பணம் எவர் கைக்குச் செல்கிறது என்று வினவுதற்கு இருந்த வாயில் அதுவே.

மூன்று தீவுகளுக்குமான சூரிய, காற்றுக் கலப்பு மின்திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு கேள்விப்பத்திர வழியே சென்று, 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்தியா ஆட்சேபித்தது. தமிழகக் கரைக்கு அண்மையில் சீனர் காலூன்றுவதா என்பது அதன் கவலை. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரிற் சீனத் தூதரகம் அறிவித்தது. விதிப்படி நடந்தும் விளக்கு வரவில்லை. தீவு மக்களின் கருத்தை இரு வல்லரசுகளும் கேட்டதாகத் தெரியவில்லை.

2022 மார்ச்சில் இந்திய நன்கொடையோடு அதே திட்டத்துக்குப் புதிய உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதே மாதத்திலேயே மன்னார், பூநகரி காற்றாலைகளுக்காக அதானி நிறுவனத்தோடும் கேள்விப்பத்திரமின்றி ஓர் உடன்பாடு. பின்னர், எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற யூன் 9ஆந் திகதி, மின்சாரச் சட்டத் திருத்தம் 120 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தவை 36. வரம்பு நீங்கிற்று, போட்டி விதியும் தளர்ந்தது. பொறியியலாளர் சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்தும் பயனில்லை. நெருக்கடியைக் காட்டி விதிகளை நீக்குவது உலகெங்கும் கண்ட வழிதானே! மறுநாளே, அதானிக்காக அழுத்தம் இருந்ததென மின்சார சபைத் தலைவர் பாராளுமன்றக் குழுமுன் கூறி, பின் அக்கூற்றை மீளப்பெற்றுப் பதவி விலகினார், ஜனாதிபதி மறுத்தார்.

எவருக்காக வழி அகற்றப்பட்டதென்று பேசப்பட்டதோ அந்நிறுவனம், புதிய அரசு விலையை மீள ஆராயத் தொடங்கியதும், 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. தீவுகளுக்கான ஒப்பந்தம் 2024 மார்ச் முதலாந் திகதி கைச்சாத்தாயிற்று: சூரிய ஒளியில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530. கூடவே, 2,500 கிலோவாற்றுக்கு டீசல் இயந்திரம் மாற்றேற்பாடாக.