முனியறைகள்: காலக் கணிப்பு

முனியறை என்பது கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் உள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் ஒருவகை. இடுக்கி மாவட்டத்து மறையூரில் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிய கல்திட்டைகளை மக்கள் முனியறை என்கின்றனர். முனிவர்கள் தவமிருந்த இடம் என்பது ஊர்வழக்கு. பாண்டவர் வனவாசத்தோடு இணைத்துச் சொல்வதும் உண்டு.

மலபார்ச் சின்னங்கள் பற்றி பிரித்தானியரான பாபிங்டன் எழுதிய கட்டுரை 1823இல் வெளிவந்தது. 1948இல் திருச்சூர்ப் பகுதியின் போர்க்களம் என்னும் ஊரில் தொல்லியலாளர் பி. கே. தாப்பர் அகழ்ந்தார்; காலக் கணிப்புக்குக் கர்நாடகத்துப் பிரம்மகிரியின் பானைகளோடு ஒப்பிடுவதே அன்று வழி.

தெளிவான சான்று மேற்குத்தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே கிடைத்தது. பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரப் பொருந்தலில் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் 2009, 2010இல் அகழாய்வு நடத்தியது. நிலத்தடியில் பலகைக்கற்களால் அமைத்த ஒரு கற்பதுக்கைக்குள் நான்கு கால் கொண்ட சாடி. அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். இறந்தவருக்கென எவரோ அளந்து வைத்த அந்த நெல், இருபது நூற்றாண்டுகளுக்கு மேல் மண்ணுக்கடியில் தாங்கியிருந்தது. கரித்துண்டாக இருந்தால் வயதான மரத்தின் வைரப்பகுதி ஆண்டுக்கணக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். நெல்லோ ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாவது. ஆகவே அதன் வயது புதைப்பின் வயதுக்கு மிக நெருக்கமானது. அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் கரிமக் கணிப்பு கி.மு. 490 என்றது. பின்னர் மற்றொரு ஈமச்சின்னத்தின் நெல் கி.மு. 450 எனக் கணிக்கப்பட்டது.

முதல் பதுக்கையில் கிடைத்த, பானையைத் தாங்கும் பிரிமனை ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருந்ததால் விவாதம் மூண்டது. எழுத்தும் கி.மு. 5ஆம் நூற்றாண்டினது என்றார் ராஜன். ஒரே கணிப்பை வைத்து முடிவுகட்டுவது கடினம் என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கரிமத் திருத்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், அக்காலத்து ஆண்டுகளைத் துல்லியமாகப் பிரித்தறிவது அரிது. அளக்கப்பட்டது நெல்லே, எழுத்தன்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

பொருந்தலின் ஆண்டை மறையூருக்கு அப்படியே ஏற்றுவதற்கில்லை. அங்குள்ள திட்டைகள் பல வெறும் பாறைமேல் திறந்து நிற்கின்றன; உள்ளிருந்தவை போய்விட்டன. கேரளத்தின் செம்புரை மண்ணும் அமிலத்தன்மையால் எலும்பை அரித்துவிடுகிறது. எலும்பில்லா அறை புதைப்பிடமன்று என வாதிடுவது அவசரமாகும்.

இத்தகைய சின்னங்கள் இன்னும் வெளிப்பட்டுவருகின்றன: 2025இல் இந்தியத் தொல்லியல் துறை, பாலக்காடு மாவட்டத்து மலம்புழா நீர்த்தேக்கத்தின் தீவு போன்ற மேடுகளில் 110க்கும் மேற்பட்ட பெருங்கற்சின்னங்களை அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை கற்பதுக்கைகள்.