நிரவுதல்: வயல் முதல் புல்தரை வரை

'நிரவு' என்னும் தமிழ்ச்சொல் மேடுபள்ளத்தைச் சமப்படுத்துவதையும் குறையை நிரப்புவதையும் ஒருங்கே சுட்டும். நெல் வயலில் உழவுக்குப்பின் பரம்புப் பலகையை இழுத்துச் சேற்றை நிரவுவது நம் உழவர்களின் பழைய தொழில்நுட்பம். நீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

வீட்டுப் புல்தரையின் நோக்கமோ இதற்கு நேர்மாறானது. அங்கே நீர் நிற்கவே கூடாது. 1830இல் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர் புல்வெட்டும் பொறியைக் கண்டறிந்தார். அரிவாளுக்கும் ஆட்டுமந்தைக்கும் மேடுபள்ளம் பெருந்தடையன்று. பொறியின் கத்தியோ மேட்டில் வேர்வரை மழித்துவிடும், பள்ளத்தில் புல்லைத் தொடாமலே செல்லும். சமதளப் புல்தரை எளிய வீடுகளுக்கும் உரிய விழைவாக மாறியதில் அப்பொறிக்குப் பெரும்பங்குண்டு.

அவ்விழைவு ஹைதராபாத்தில் கடினமான நிலத்தைச் சந்திக்கிறது. இந்நகரம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய கருங்கற்பாறைமீது அமர்ந்திருக்கிறது. சில இடங்களில் மண் ஓரடி ஆழம்கூட இராது. இங்கே மேட்டைச் செதுக்கினால் பாறை தலைகாட்டும். ஆகவே பள்ளத்தை உயர்த்துவதே வழி. மழைக்குப்பின் நீர் தேங்குமிடங்களை முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். புல் செழித்து வளரும் பருவத்தில் மணலும் மக்கிய எருவும் மண்ணும் கலந்து, ஒருமுறைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே பரப்பவேண்டும். புல்நுனி வெளியே தெரியவேண்டும். அருகு அதனூடே படர்ந்தேறிய பின்னரே அடுத்த அடுக்கு. ஆழ்ந்த குழியாயின் புற்பத்தையைப் பெயர்த்து, அடியில் மண்ணிட்டு, மீண்டும் பதிக்கவேண்டும். உருளையை உருட்டுவது நிரவுதல் ஆகாது; அது மண்ணை இறுக்கி வேரின் மூச்சை அடைக்கும். சுவரிலிருந்து விலகும் திசையில் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு இருத்தல் நன்று.

அச்சரிவே இந்நகர வரலாற்றின் உட்பொருள். குதுப்ஷாகிகள் காலத்தில், 1560களில் உருவான உசேன் சாகர் முதலான ஏரிகள் நிலத்தின் பள்ளத்தை மதித்து எழுந்தவை. 1908 செப்டம்பரில் மூசி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன்பின் விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனையை ஒட்டி உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. பள்ளத்தை நீருக்கே விட்டுக்கொடுத்த திட்டம் அது. பின்வந்த தலைமுறைகளோ பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தன. சிற்றேரிகளையும் கால்வாய்களையும் மனைகளாக நிரவின. 2020 அக்டோபர் மழையில் ஏரிப்பகுதிக் குடியிருப்புகள் பல மூழ்கியபோது நீர் தன் பழைய இடத்தையே தேடி வந்திருந்தது.

நிரவுதல் தீதன்று. பரம்படிக்கும் உழவர் நீர் எங்கே நிற்கவேண்டும் என்று முதலில் தீர்மானிக்கிறார். பிறகே பலகையை எடுக்கிறார். முற்றத்துப் புல்தரைக்கும் மாநகருக்கும் அவ்வரிசைமுறை பொருந்தும்.