திண்ணையிலிருந்து செட்பேக் வரை: மதுரையில் வீட்டு முகப்பு விதிகளின் வரலாறு

மதுரைப் பழைய நகரில் வீட்டு முன்புறம் வேலி கிடையாது. வேலி போட இடமும் கிடையாது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள். திண்ணை, படி, படிக்குக் கீழே வாருகால், அதன்மேல் பாவிய கல், அடுத்த எட்டு தெரு. வாசல் கோலமே தெருவில்தான் விழுகிறது. ஆகவே இந்நகரில் முகப்பு பற்றிய உள்ளாட்சி விதிகள் திண்ணையை மையமாக வைத்தே வளர்ந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். தூர்த்தவர்களுக்கே அந்த நிலம் மனையாகக் கிடைத்தது. வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அப்படிப் பிறந்தவை. எல்லையைக் காக்க அப்போது நகராட்சி இல்லை. 1866இல் நகராட்சி வந்தது. நீட்டிக் கட்டிய படியும் திண்ணையும் மெல்ல ‘ஆக்கிரமிப்பு’ ஆயின.

தெரு யாருடையது? இதற்கு விடை தந்ததே ஒரு மதுரை வழக்குதான். சுந்தரம் ஐயர் எதிர் மதுரை நகராட்சி மன்றம் (1902) வழக்கில் நீதிபதி பாஷ்யம் ஐயங்கார், தெரு நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டாலும் அடிமண் அதற்குச் சொந்தமாகிவிடாது என்றார். தெருவைத் தெருவாகப் பராமரிக்க வேண்டிய அளவுக்கே, மேலும் கீழும், அதற்கு உரிமை. இந்தியா முழுவதும் எடுத்தாளப்படும் தீர்ப்பு இது.

1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதை நடைமுறையாக்கியது. தெருவில் நீளும் கட்டுமானத்தை அகற்ற அதன்படி நோட்டீஸ் விட முடிந்தது. ஆனால் காலாவதிச் சட்டப்படி உரிமை ஏற்படும் அளவுக்கு அது பழையது என்று வீட்டுக்காரர் நிரூபித்தால், இடிக்கும்போது நஷ்டஈடு தர வேண்டியிருந்தது. பொதுத்தெருவைப் பொறுத்தவரை அந்தக் காலம் 30 ஆண்டு. தாத்தா கட்டிய திண்ணைக்கு மதிப்பு இருந்தது. முந்தின வருஷம் போட்ட படிக்கு இல்லை. நியாயமான ஏற்பாடுதான்.

நகரைத் தாண்டினால் கதை வேறு. கிளுவையும் கள்ளியும் முள்ளும் வேலியாக நிற்கும் கிராமங்களுக்கான 1994 ஊராட்சிகள் சட்டம், பொதுச் சாலையில் சுவரோ வேலியோ எழுப்பக் கூடாது என்று வேலியைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. கவலை வழி அடைபடுவது பற்றித்தான். அமெரிக்கப் புறநகர்களில் முன்வேலி இத்தனை அடிக்கு மேல் உயரக் கூடாது என்பார்கள். அந்த அழகுக் கவலை இங்கே இல்லை.

செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, பிறகு வந்தது. அண்ணா நகர், கே.கே. நகர் போல மனை பிரித்து உருவான பகுதிகளுக்குப் பொருந்திய விதி அது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் முன்புற இடைவெளியைச் சாலை அகலத்தோடு இணைக்கின்றன. ஒடுங்கிய சாலையில் சாதாரண வீட்டுக்கு 1.5 மீட்டர். தொடர் கட்டடப் பகுதிக்குத் தனி விதி உண்டு. அது இல்லாவிட்டால் பழைய மதுரையில் முக்கால்வாசி வீடுகளைத் திரும்பக் கட்டவே முடியாது.

திண்ணை போன இடத்தில் இப்போது வண்டி ஏற்றும் சிமென்ட் சரிவு தெருவில் நீள்கிறது. காம்பவுண்டுக்குள் ஐந்தடி விட்டவரும் வெளியே மூன்றடி எடுத்துக்கொள்கிறார். குற்றம் அவர்மேல் மட்டும் இல்லை. சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர, வீடு பள்ளமாகிறது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். முகப்பு ஆக்கிரமிப்பைக் குறைக்க நோட்டீஸைவிட அந்த உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றுவதே மாநகராட்சிக்குப் பயன் தரும்.