பிரெயில் எழுத்தும் வகுப்பறையும்

பார்வையற்றோர் விரல் நுனியால் படிக்கவும் தாங்களே எழுதவும் பயன்படும் ஆறு புள்ளி எழுத்துமுறை பிரெயில்.

1785இல் பாரிசில் வாலண்டைன் ஆயி பார்வையற்ற சிறுவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார். அச்செழுத்தையே தாளில் மேடாக எழுப்பிய கனத்த புத்தகங்கள் அங்கே பாடநூல்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் அவை கண்ணுக்கான வடிவங்கள். எழுத்தின் வளைவுகளைத் தடவித் தடவிப் படிக்க நெடுநேரம் ஆயிற்று. மாணவர் தம் கையால் அப்படி எழுத வழியே இல்லை.

அங்கே 1819இல் சேர்ந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் சேணப் பட்டறையில் குத்தூசி பட்டுப் பார்வை இழந்தவர். அங்கே அவர் அறிந்த, முன்னாள் படை அதிகாரி சார்ல் பார்பியே உருவாக்கிய பன்னிரு புள்ளி முறை ஒலிகளை மட்டுமே குறித்தது. எழுத்துக்கூட்டலுக்கு அதில் இடமில்லை. ஒரே தொடுதலில் விரலுக்குள் அடங்கும்படி லூயி அதை ஆறு புள்ளியாக்கினார். 1824இல் அவருக்கு வயது 15. ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள் பிறக்கும். சட்டமும் எழுத்தாணியும் இருந்தால் மாணவரே குறிப்பெடுக்கலாம். 1829இல் இம்முறை நூலாக வெளிவந்தது.

பார்வையுள்ள ஆசிரியர்களுக்கோ அது அந்நியமாக இருந்தது. 1840களில் அப்பள்ளியிலேயே அதற்குத் தடை வந்தது. மாணவர்கள் மறைவில் எழுதிவந்தார்கள். இவ்வரலாற்றில் நாம் நின்று கவனிக்கவேண்டிய இடம் இதுவே: படிப்பவரின் விரலுக்கு எளிதானதை, கற்பிப்பவரின் கண் மறுத்தது. 1854இல், லூயி மறைந்து ஈராண்டுக்குப் பின், பிரான்சு அதை முறையாக ஏற்றது.

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி 1890இல் ஆனி ஆஸ்க்வித்தால் தொடங்கப்பட்டது. இந்தியாவில் வெவ்வேறு பிரெயில் முறைகள் புழங்கியதால் ஓரிடத்து நூல் வேறிடத்தில் உதவவில்லை. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் வந்தபின், ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளிகள் என்றானது. தமிழுக்கு இது நன்கு பொருந்துகிறது. அச்சில் 'கெ' எழுதக் கொம்பை முன்னே இடுகிறோம். பிரெயிலிலோ முதலில் க, பிறகு எ. சொல்லும் வரிசையே எழுதும் வரிசை.

1974இன் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தால் பார்வையற்ற பிள்ளைகள் பொதுப்பள்ளிகளுக்கும் வரத் தொடங்கினர். பிரெயிலும் சைகைமொழியும் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்துவதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.