ஆட்டோ எக்ஸ்போ: தொடங்கிய இடத்துக்கே திரும்பிய வாகனக் கண்காட்சி

இந்தியாவின் முக்கிய வாகனக் கண்காட்சியான ஆட்டோ எக்ஸ்போ, 1986ஆம் ஆண்டு ஜனவரியில் புதுதில்லி பிரகதி மைதானத்தில் முதன்முதலாக நடைபெற்றது. 1993இல் இரண்டாவது முறை நடைபெற்றது; 1996 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தப்பட்டு வந்தது.

இருசக்கர வாகனத்தில் நெருக்கியடித்துச் செல்லும் குடும்பங்களுக்கென உருவாக்கப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் காரான நானோவை, ரத்தன் டாடா 2008 ஜனவரி 10 அன்று இங்குதான் அறிமுகப்படுத்தினார். பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்திய அக்கார், சந்தையில் நிலைக்கவில்லை.

2014இல் வாகனக் கண்காட்சி உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவுக்கு மாற்றப்பட்டது. உதிரிபாகக் கண்காட்சி மட்டும் தில்லியிலேயே தொடர்ந்தது. கொரோனா பெருந்தொற்றால் 2022இல் ஒத்திவைக்கப்பட்ட கண்காட்சி, 2023 ஜனவரியில் நடைபெற்றது.

2025 ஜனவரியில் பாரத் மொபிலிட்டி கண்காட்சியின் அங்கமாக, பிரகதி மைதானத்தில் அமைந்துள்ள பாரத் மண்டபத்துக்குத் திரும்பியது. அங்கு மாருதி சுசுகியின் முதல் மின்சாரக் காரான இ-விட்டாரா காட்சிப்படுத்தப்பட்டது.