குணப்படுத்த இயலாத நோயுள்ள குழந்தையை வீட்டில் பராமரித்தல்

நோயைக் குணப்படுத்த இயலாது என்று மருத்துவர் கூறிய பின்னரும் குழந்தைக்கான மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, உறக்கமின்மை ஆகியவற்றைத் தணிப்பதே இனிச் சிகிச்சை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவுச் சேவை இல்லத்திலேயே வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வலி

வலியுள்ள குழந்தை எப்போதும் அழுவதில்லை. விளையாடாமல் அசைவற்றுக் கிடப்பதும், தூக்கினால் உடலை இறுக்கிக்கொள்வதும், நெற்றியைச் சுருக்குவதும் வலியின் அடையாளங்களே. கடும் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் பரிந்துரைத்தால் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தால் அவதிப்படுவது குழந்தைதான். மருத்துவர் குறித்த அளவில் கொடுக்கும்போது அது குழந்தையைப் போதைக்கு அடிமையாக்குவதில்லை, மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை. வலி திரும்பும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் ஏறத்தாழ நிச்சயம் என்பதால் மலமிளக்கியையும் முதல் நாளிலேயே கேட்டுப் பெறுங்கள். தொடக்கத்தில் காணும் மயக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். எழுப்பினாலும் விழிக்காவிட்டால், அல்லது மூச்சு மிகவும் மெதுவானால் உடனே மருத்துவரை அழையுங்கள். பிற குழந்தைகளுக்கு எட்டாதவாறு மருந்தைப் பூட்டி வையுங்கள்.

இறுதி நாட்களில் பசி குறைவது இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறக்கூடும். ஈரத்துணியால் உதடுகளை நனைப்பதே போதுமானது.

குழந்தையின் கேள்விகள்

"நான் செத்துவிடுவேனா?" என்று குழந்தை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று முதலில் கேளுங்கள். பல வேளைகளில் அதன் அச்சம் மரணத்தைப் பற்றியதன்று. தனியே விடப்படுவோமோ, ஊசி போடுவார்களோ என்பதே. மரணத்தை 'தூக்கம்' என்று விளக்கினால் சிறு குழந்தை கண்மூடவே அஞ்சும்.

உடன்பிறந்தோரை மறவாதீர்கள். தாம் சண்டையிட்டதால்தான் தம்பிக்கு இப்படி ஆயிற்று என்று மனத்துக்குள் நம்பும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கேளாவிட்டாலும், யாருடைய தவறும் அன்று என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இரவுக் கண்காணிப்பைத் தாய் ஒருவரே ஏற்காமல் உறவினர் முறைவைத்துப் பகிர வேண்டும். மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தால், இறப்பைச் சான்றளிக்கும் மருத்துவர் யார் என்பதை முன்னரே கேட்டு, அவருடைய எண்ணைக் குறித்து வையுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்பொறுப்பை உறவினர் ஒருவரிடம் விடலாம்.